உருவரையும் உண்மை முகமும்: சந்தேக நபரை அடையாளங் காணல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

குற்றவியல் வரலாற்றினை ஆராய்வோர் பெரும்பாலும் 'குற்றத்தைச் செய்தவன் யார்?' என்ற வினாவினையே முதன்மைப்படுத்துவர். ஆனால் அதற்கு முன்னதாக எழ வேண்டிய வினாக்கள் சில உள. செய்தவனைக் கண்டவர் யாவர்? கண்டதை அவர் எச்சொற்களாற் கூறினர்? கூறியதைப் பொலிசார் எவ்வாறு படமாக்கினர்? அப்படத்தைக் கையிற்கொண்டு யாரைத் தேடினர், யாரைத் தேடாது விட்டனர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குத் தொடர்கொலை வழக்குகள் பெரிதும் துணைபுரிவன. ஒரே மனிதனைப் பல இடங்களிற் பலர் கண்டிருப்பராதலின், ஒரு முகத்தைப் பற்றிய பல கூற்றுகளை ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு அவற்றிலேதான் கிட்டுகின்றது.

இவ்வொப்பீடு பசறையிலும் மடூல்சீமையிலும் நமுனுகுலைச் சாரலிலும் வாழும் தோட்ட மக்களுக்கு எவ்வகையில் உரியது என்று வினவலாம். பெரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடப்பட்டு, செக்ரோலில் எண்ணாகப் பதியப்பட்டு, சம்பள மேசையிற் கைநாட்டு வைத்து வாழ்ந்த ஒரு சமூகத்திற்கு, 'அடையாளம்' என்பது ஆரம்ப காலந் தொட்டே பிறர் கையிலிருந்த பொருளாகும். ஆகவே அடையாளங் காணும் கலையின் வரலாறு அச்சமூகத்தின் வரலாற்றோடு பல இடங்களிற் பின்னிப் பிணைந்துள்ளது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒரு முகம், பல வரைபடங்கள்

1968ஆம் ஆண்டு டிசெம்பர் தொடக்கம் 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் வரை ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தன்னைத் தானே 'சோடியாக்' என்று பெயரிட்டுக்கொண்ட ஒருவன் ஐவரைக் கொன்றான். இருவர் படுகாயத்துடன் உயிர் தப்பினர். அவன் யாரென்பது ஐயத்திற்கிடமின்றி இன்றுவரை நிறுவப்படவில்லை. எஞ்சியிருப்பவை அவன் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதங்களும், பொலிசார் வெளியிட்ட உருவரைகளுமே.

1969ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆந் திகதி பெரியெசா ஏரிக்கரையில் அவன் இருவரைக் கத்தியாற் குத்தினான். அவ்வேளை தலையை மூடும் கறுப்பு முகமூடி அணிந்திருந்தமையால், உயிர் தப்பிய இளைஞர் அவனது முகத்தைக் காணவில்லை. எனினும் ஓர் உருவரை வெளியாயிற்று. அன்று பகல் ஏரிக்கரையில் ஐயத்திற்குரிய வகையில் நின்ற ஒருவனைக் கண்டதாக மூன்று இளம் பெண்கள் கூறியதை வைத்து வரையப்பட்ட படம் அது. பெண்கள் கண்டவனும் கத்தியாற் குத்தியவனும் ஒருவனே என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் அச்சில் வந்ததும் அப்படம் 'கொலையாளியின் முக'மாயிற்று.

இரு வாரங்களின் பின், ஒக்டோபர் 11ஆந் திகதி இரவு, சான் பிரான்சிஸ்கோ நகரில் வாடகைக் கார்ச் சாரதி ஒருவர் சுடப்பட்டு இறந்தார். வீதியின் மறுபுறத்து வீட்டு யன்னலிலிருந்து பதின்ம வயதினர் மூவர் கொலையாளியைக் கண்டனர். அவர்கள் கூற்றின்படி வரையப்பட்ட முதலாவது படம் ஒக்டோபர் 13ஆந் திகதி வெளியிடப்பட்டது. அதில் அவனது வயது 25க்கும் 30க்கும் இடைப்பட்டது எனக் குறிக்கப்பட்டிருந்தது. ஐந்து நாட்களுக்குள், ஒக்டோபர் 18ஆந் திகதி, திருத்திய படம் வெளியாயிற்று. அதில் வயது 35 முதல் 45 வரை என மாற்றப்பட்டிருந்தது. இரண்டிலும் குட்டை மயிரும் தடித்த விளிம்புடைய மூக்குக் கண்ணாடியும் உள. ஏரிக்கரைப் படத்திலோ கண்ணாடி இல்லை. இம்மூன்று படங்களையும் அருகருகே வைத்து நோக்குவோர், மூன்றும் ஒருவனையே குறிப்பன என்று துணிந்து கூறவியலாது. தனது தோற்றம் பொலிசார் வெளியிட்ட வருணனைக்கு ஒத்திருப்பது கொலை புரியும் போது மட்டுமே என்று, ஏளனத் தொனியில், அவனே நவம்பர் மாதக் கடிதமொன்றில் எழுதினான்.

வரைந்த ஓவியரின் திறமைக் குறைவு அன்று இதற்குக் காரணம். மனிதன் ஒரு முகத்தை முழுமையாகவே மனங்கொள்கிறான். கண், மூக்கு, தாடை எனப் பிரித்து மனங்கொள்வதில்லை. ஆனால் பொலிஸ் நிலையத்தில் அவனிடம் கேட்கப்படுவது உறுப்பு உறுப்பான வருணனையே. 1959ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வழக்குக்கு வந்த 'ஐடென்டி-கிட்', 1970இல் இங்கிலாந்தில் அறிமுகமான 'போட்டோபிட்' ஆகிய இரண்டும் இவ்வுறுப்புப் பிரிப்பினையே இயந்திரமயமாக்கின. முழுமையாகக் கண்டதைத் துண்டுகளாகச் சொல்லி, அத்துண்டுகளை மீண்டும் ஒட்டும்போது பிறப்பது ஒரு தனி மனிதனின் முகமன்று. ஒரு வகையினரின் முகமேயாகும்.

2. வானொலியில் வந்த ஒரு சொல்

சான் பிரான்சிஸ்கோ நிகழ்ச்சியில் உருவரைகளைக் காட்டிலும் முக்கியமான ஒரு செய்தி உளது. பதின்ம வயதினர் கண்டது வெள்ளையன் ஒருவனை. ஆனால் அவ்விரவு ரோந்துக் கார்களுக்கு வானொலி மூலம் அறிவிக்கப்பட்ட முதல் வருணனை, தவறுதலாக, 'கறுப்பு இன ஆண்' என்றிருந்தது. அவ்விடத்தை நோக்கி விரைந்த இரு பொலிசார் வழியில் நடந்து சென்ற வெள்ளையன் ஒருவனைக் கண்டனர். அவனை நிறுத்தாது சென்றனர். அவனே கொலையாளியாக இருந்திருக்கலாம் என்பது பின்னரே உணரப்பட்டது. அப்பொலிசாருள் ஒருவர் நவம்பர் 12ஆந் திகதியிட்ட தமது குறிப்பில் அம்மனிதனின் தோற்றத்தை விரிவாகப் பதிந்துள்ளார்.

அந்தத் தவறு எவ்வாறு நேர்ந்தது என்பதைக் காட்டிலும், அது எவ்வாறு உடனடியாக நம்பப்பட்டது என்பதே வரலாற்று மாணவர் சிந்திக்க வேண்டியது. ஒரு சொல் கண்ணுக்கு முன் நின்ற மனிதனை மறைத்துவிட்டது. அதே 1969ஆம் ஆண்டிலேயே மல்பாஸ், கிராவிட்ஸ் என்ற இரு உளவியலாளர், தம் இனத்தவர் முகங்களை மனிதர் எளிதில் அடையாளங் காண்பர், பிற இனத்தவர் முகங்களை அத்துணைத் தெளிவாக அடையாளங் காணார் என்பதைச் சோதனை வாயிலாகக் காட்டினர். இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், ஆளும் பகுதியினர் ஆளப்படும் பகுதியினரை முகங்களாகக் காண்பதில்லை, வகையாகவே காண்கின்றனர் என்ற உண்மை புலனாகும்.

3. நம்பப்படாத பெண்கள்

உருவரை பொய்த்தமைக்கு மேற்கண்டது எடுத்துக்காட்டாயின், உருவரை மெய்யாயிருந்தும் புறக்கணிக்கப்பட்டமைக்கு இங்கிலாந்து எடுத்துக்காட்டாகும். 1975 தொடக்கம் 1980 வரை வட இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிப் 1981ஆம் ஆண்டு சனவரி 2ஆந் திகதி செபீல்ட் நகரிற் கைதானான். அதற்கு முன் அவன் பொலிசாரால் ஒன்பது தடவைகள் விசாரிக்கப்பட்டு விடப்பட்டிருந்தான்.

அவனது தாக்குதலிலிருந்து உயிர் தப்பிய பெண்கள் சிலர் அவனது முகத்தை நன்கு விவரித்திருந்தனர். 1975இல் தாக்கப்பட்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தியும், 1976இல் லீட்ஸ் நகரில் தாக்கப்பட்ட கறுப்பினப் பெண் ஒருவரும் அமைத்துக்கொடுத்த படங்கள் அவனது தோற்றத்தைப் பெரிதும் ஒத்திருந்தன. ஆனால் அவர்கள் மீதான தாக்குதல்கள் இத்தொடர் வரிசையைச் சார்ந்தனவல்ல எனப் பொலிசார் ஒதுக்கினர். கொலையாளி விலைமாதரையே நாடுபவன் என்ற முற்கோள் ஒருபுறம். தானே கொலையாளி எனக் கூறி வேறொருவன் அனுப்பிய கடிதங்களும் ஒலிநாடாவும் மறுபுறம். அவ்வொலிநாடாவில் ஒலித்த வட்டார உச்சரிப்பு இல்லாதவரெல்லாம் ஐயத்திலிருந்து நீக்கப்பட்டனர். உயிர் தப்பிய பெண்களின் படங்களை ஒன்றுதிரட்டி ஒப்பிட்டிருப்பின் அவற்றின் ஒற்றுமை வெளிப்பட்டிருக்கும் என்பதை, 1981இல் எழுதப்பட்டு 2006இலேயே பொதுமக்கள் பார்வைக்கு வந்த பைபோர்ட் அறிக்கை சுட்டிக்காட்டியது.

ஆகவே உருவரையின் பெறுமதி, வரைந்த கையினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. சாட்சி சொன்னவருக்குச் சமூகம் அளிக்கும் மதிப்பினாலும் தீர்மானிக்கப்படுகின்றது. வறிய பெண்ணின் கண்ணை நம்பாத பொலிஸ் நிலையம், முகமறியாத ஆணின் குரலை நம்பியது.

4. பம்பாயில் ஒரு 'வேலுசாமி'

இந்தியாவிலே இத்தன்மைத்தான வழக்கு ராமன் ராகவினுடையது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் பம்பாயின் கிழக்குப் புறநகர்களில், ரயில் பாதையை அண்டிய குடிசைகளிலும் நடைபாதைகளிலும் உறங்கியோர் இரவிலே தாக்கப்பட்டனர். 19 பேர் தாக்கப்பட்டு அவர்களுள் 9 பேர் இறந்தனர். அப்பகுதியில் அலைந்து திரிந்த ஒருவன் பிடிபட்டான். முன்னர் கொள்ளைக் குற்றத்திற்காகச் சிறையிலிருந்த அவனது பெயர் பொலிஸ் ஏட்டில் இருந்தது. ஆயினும் போதிய சான்றின்றி விடப்பட்டான். 1968இல் கொலைகள் மீண்டும் தொடங்கின. விசாரணைக்கு ரமாகாந்த் குல்கர்ணி தலைமை தாங்கினார். ஆகஸ்ட் 27ஆந் திகதி உதவிப் பரிசோதகர் அலெக்ஸ் பியாலோ, தம் மனத்திற் பதித்திருந்த பழைய புகைப்படத்தையும் வருணனையையும் கொண்டு ஒருவனை வீதியில் இனங்கண்டார். மழையில்லாத இடத்தில் அவன் கையிலிருந்த குடை நனைந்திருந்ததும் அவரது ஐயத்தை வலுப்படுத்தியது. கைரேகையை ஏட்டிலிருந்ததனுடன் ஒப்பிட்டபோது அவன் ராமன் ராகவ் என உறுதியாயிற்று.

அவனுக்குப் பொலிஸ் ஏட்டில் இருந்த மாற்றுப் பெயர்களுள் 'அண்ணா', 'தம்பி', 'வேலுசாமி' என்பனவும் அடங்கும். முதலிரண்டும் பெயர்களல்ல, உறவு முறைகள் என்பதைத் தமிழறிந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. பெருநகரின் நடைபாதையில் ஒரு தமிழன் தன்னைச் சூழ்ந்தோரால் அழைக்கப்பட்ட விளிச்சொற்கள், பொலிஸ் ஏட்டிற்குள் நுழைந்ததும் குற்றவாளியின் கள்ளப் பெயர்களாயின. 1966ஆம் ஆண்டு யூன் மாதம் சிவசேனை தோற்றுவிக்கப்பட்டு, தென்னிந்தியர்க்கு எதிரான கிளர்ச்சி பம்பாயிற் பரவியிருந்த காலம் அது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அத்தகைய சூழலில் 'தென்னிந்தியத் தோற்றமுடையவன்' என்ற பொது வருணனையுடன் ஓர் உருவரை சுவர்தோறும் ஒட்டப்பட்டிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. இவ்வழக்கிலோ தேடல் ஒரு தனி மனிதனின் புகைப்படத்தையும், அவனது விரல்களின் ரேகையையும் பற்றி நின்றது. வகையிலிருந்து தனியாளுக்கு இறங்கிய இத்தன்மையே இதன் சிறப்பாகும்.

பின்னர் நிகழ்ந்ததும் குறிப்பிடத்தக்கது. அமர்வு நீதிமன்றம் அவனுக்கு மரணதண்டனை விதித்தது. அவன் மேன்முறையீடு செய்யவில்லை. உயர் நீதிமன்றம் மனநோய் வல்லுநர் மூவரைக் கொண்ட குழுவினை நியமிக்கச் செய்தது. உலகம் இரண்டு, அவற்றுள் ஒன்று 'கானூன்' எனப்படும் சட்டத்தின் உலகம் என்ற திடமான மருட்சி அவனிடம் இருந்ததை அக்குழுவினர் கண்டனர். தீராத மனச்சிதைவு நோயாளி எனக் கண்டறியப்பட்டு, 1987இல் தண்டனை ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. 1995இல் அவன் புனேயில் இறந்தான். அவனாற் கொல்லப்பட்டோர் அனைவரும் குடிசையிலும் நடைபாதையிலும் வாழ்ந்த வறியோர். கொன்றவனும் அவ்வீதியிலேயே வாழ்ந்தவன்.

5. தேயிலைத் தோட்டமும் கைரேகையும்

உருவரையை விடக் கைரேகை நம்பத்தக்கது என்ற முடிவுடன் நின்றுவிடுதல் பொருந்தாது. கைரேகை எங்கிருந்து வந்தது, யாருடைய ரேகை ஏட்டில் இருந்தது என்ற வினாக்கள் எஞ்சியுள்ளன.

1858ஆம் ஆண்டு வங்காளத்தில் வில்லியம் ஹேர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, உள்ளூர் ஒப்பந்தகாரர் ஒருவரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தமொன்றிற் பெற்றார். பின்னாளில் ஒப்பந்தத்தை மறுக்கவொட்டாது செய்தலே அவரது நோக்கமாகும். குற்றம் தேடுவதற்காகவன்றிக் கடமையிற் கட்டுவதற்காகவே குடியேற்ற ஆட்சியாளர் முதன்முதல் ரேகை பெற்றனர் என்பது இதனாற் பெறப்படும். பின்னர் எட்வேட் ஹென்றியின் பெயரால் வழங்கலாயிற்று ரேகை வகைப்பாட்டு முறை. அதனை உருவாக்குவதிற் பெரும்பங்கு வகித்த அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இந்திய அலுவலர் இருவரும் நெடுங்காலம் மறைக்கப்பட்டனர்.

அம்முறை கொலை வழக்கொன்றில் முதன்முதலாகப் பயன்பட்டவற்றுள் ஒன்று தேயிலைத் தோட்டமொன்றில் நிகழ்ந்த கொலையாகும். 1897இல் வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் தோட்ட முகாமையாளர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார், பணம் களவாடப்பட்டிருந்தது. முதற்கண் ஐயுறப்பட்டோர் யாவர்? கடுமையாக வேலை வாங்கப்பட்ட தோட்டக் கூலிகள், சமையற்காரர், முகாமையாளருடன் தொடர்பிலிருந்த பெண்ணொருத்தியின் உறவினர், அவ்வழி அலைந்து திரிந்த காபூலியர். இறுதியில் அங்கு கிடந்த வங்காளப் பஞ்சாங்கமொன்றில் இருந்த குருதி படிந்த பெருவிரற் பதிவு, முகாமையாளரின் முன்னாள் வேலையாளும் முன்னர் திருட்டுக்காகச் சிறை சென்றவனுமாகிய காங்காலி சரண் என்பவனது ஏட்டு ரேகையுடன் பொருந்தியது. நீதிமன்றம் அவனைத் திருட்டுக்குக் குற்றவாளியாகக் கண்டது. கொலையைக் கண்ட சாட்சி இன்மையால் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

இவ்வழக்கிற்கு இரு முகங்கள் உள. அந்தப் பெருவிரற் பதிவு இல்லாதிருந்திருப்பின், அத்தோட்டத்து லயங்களில் எத்தனை கூலிகள் விலங்கிடப்பட்டிருப்பர் என்பது ஒன்று. ஏட்டில் ஏற்கெனவே ரேகை உள்ளவனே அகப்படுவான். துரைமாரின் ரேகை அவ்வேட்டில் என்றுமே இராது என்பது மற்றொன்று. தமிழகத்திற் குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். ஒரு சாதியிற் பிறந்தமையாலேயே ரேகை கொடுக்க வேண்டுமென்பதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆந் திகதி பொலிசார் சுட்டனர். வகையைத் தனியாள் ஆக்கிய விஞ்ஞானமே அங்கு மீண்டும் ஒரு வகையைக் குற்றவாளியாக்கும் கருவியாயிற்று.

6. ஊவாவின் அனுபவம்

இலங்கைத் தோட்டங்களை நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கரை சேர்ந்த தொழிலாளியின் கழுத்தில் தோட்ட எண் பொறித்த தகர டிக்கெட் தொங்கியது. 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, கங்காணியின் கடன் தீர்க்கப்பட்டாலன்றி ஆட்களை விடுவிக்காத 'துண்டு' முறை அவனைத் தோட்டத்தோடு பிணைத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் வழி 1972 முதல் அடையாள அட்டை வழக்கத்திற்கு வந்தபோது, குடியுரிமையற்ற குடும்பங்கள் அடையாளத்தை நிறுவும் பத்திரமின்றித் தவித்தன. வீதித்தடையில் அட்டையின்றி நிற்பவனின் முகமே அவனது குற்றமாயிற்று.

1987க்கும் 1990க்கும் இடைப்பட்ட ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் ஊவா உள்ளிட்ட தென்பகுதி எங்கும் 'கோணிபில்லா' என்ற சொல் அச்சமூட்டியது. தலையிற் சாக்கு மூடிய ஒருவன் முன்னே இளைஞர் வரிசையாக நிறுத்தப்படுவர். அவன் தலையசைத்தால் ஒருவர் கொண்டுசெல்லப்படுவார். வடகிழக்கில் இவனையே மக்கள் 'தலையாட்டி' என்றனர். சட்டம் வகுத்த அடையாள அணிவகுப்பில் நீதவான் முன்னிலையிற் சாட்சி நிற்பான்; அவனைக் குறுக்கு விசாரணை செய்யலாம். சாக்குக்குள்ளிருப்பவனையோ எவரும் வினவ முடியாது. கலிபோர்னியாவிற் கொலையாளி முகமூடி அணிந்தான். இங்கு சாட்சி அணிந்தான்.

இதற்கு நேரெதிரான நிகழ்ச்சியும் இதே பதுளை மாவட்டத்திற் பதிவாகியுள்ளது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமிற் பெருங்கூட்டமொன்று புகுந்து 25க்கு மேற்பட்ட தமிழ் இளைஞரைக் கொன்றது. பகல் வெளிச்சத்தில், பொலிசார் அங்கு நிற்கவே, அது நிகழ்ந்தது. 2003இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டின் பின் 2005க்குள் அவர்களும் விடுதலையாயினர். ஒரு தலையசைவு ஓர் இளைஞனின் உயிரைப் பறிக்கப் போதுமாயிருந்த நாட்டில், ஒரு கூட்டத்தின் முகங்களுள் ஒன்றேனும் இறுதிவரை நிறுவப்படவில்லை.

7. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, உருவரை தேடலுக்கு உதவுங் கருவியேயன்றிச் சான்றன்று. 1984இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், இரு சிறுவர் கூறியதைக் கொண்டு அமைத்த படத்தை ஒத்திருந்தமையாற் பிடிபட்ட கேர்க் பிளட்ஸ்வேர்த், ஐந்து சாட்சிகள் அடையாளங் காட்டியும், குற்றமற்றவர் என 1993இல் மரபணுச் சோதனையால் நிறுவப்பட்டார். அதற்குள் அவர் மரணதண்டனைக் கைதியாகவும் வாழ்ந்துவிட்டார். உண்மைக் குற்றவாளி அதே சிறையில் இருந்தவனே என்பது 2003இல் தெரியவந்தது. இரண்டாவது, யாருடைய சாட்சி நம்பப்படுகின்றது என்பது சமூக உறவுகளைப் பொறுத்தது. ஆகவே அடையாளங் காணலைத் தனியே விஞ்ஞானப் பிரச்சினையாக மட்டும் கொள்ளலாகாது. மூன்றாவது, ஏட்டில் யாருடைய முகமும் ரேகையும் உள, யாருடையவை இல்லை என்பதை ஆராயாது ஏட்டின் துல்லியத்தை மட்டும் போற்றுதல் பக்கச்சார்பே ஆகும்.

'கைநாட்டு' என்ற சொல் நம் வழக்கில் எழுத்தறியாதவனைக் குறிக்கும் இழிசொல்லாகவும் வழங்குகின்றது. பசறைத் தோட்டங்களிற் சம்பள மேசையின் முன் தலைமுறை தலைமுறையாக வைக்கப்பட்ட அந்தப் பெருவிரற் பதிவுகளுள் ஒன்றேனும் மற்றொன்றை ஒத்ததன்று. மேசையின் மறுபுறத்தில் இருந்தவர்கள் அவற்றை ஒரே கறையாகவே கண்டனர். ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதனுடையது எனக் காணப்படும்போதே, சந்தேக நபர் ஒருவனை நீதியுடன் தேடுவதும் சாத்தியமாகும்.